சொந்தக் கையால் ஒரு கணினி

மேசைக்கணினி ஒன்றின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே பெரும்பாலும் காற்றுதான் இருக்கும். மீதி இடத்தில் ஏழெட்டுப் பாகங்கள், சில கம்பிகள், சில திருகாணிகள். ஈயம் உருக்கிப் பற்றவைக்க வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. ஒரு நட்சத்திரத் திருப்புளி இருந்தால் முழுக் கணினியையும் பிரித்து மீண்டும் பூட்டிவிடலாம்.

அப்படியென்றால், கடையில் ஆயத்தமாக விற்கும் கணினியை வாங்காமல் பாகங்களை வாங்கி நாமே பொருத்தலாமா? பொருத்தலாம். படிவம் மூன்று, நான்கு மாணவர்கள் ஒரு பிற்பகலில் செய்து முடிக்கக்கூடிய வேலைதான். ஆனால் அதனால் என்ன பயன் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். செலவாகப் போவது அப்பா அம்மாவின் பணம்.

பலரும் சொல்லும் காரணம், மலிவாக முடியும் என்பது. அது எப்போதும் உண்மையல்ல. அதைப் பிறகு கணக்குப் பார்ப்போம். உறுதியான பயன் வேறு. நாளை கணினி பழுதானால் எந்தப் பாகம் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று ஆண்டு கழித்து வேகம் போதாவிட்டால் முழுவதையும் தூக்கி எறியாமல் ஒரு பாகத்தை மட்டும் மாற்றத் தெரியும். பாடநூலில் படித்த மின்னோட்டம், வெப்பக் கடத்தல், நிலைமின்சாரம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் வேலை செய்வதையும் காண்பீர்கள்.

எல்லாம் எப்படிப் பொருந்துகின்றன?

ஒரு நிறுவனத்தின் ப்ராசசர், இன்னொன்றின் மதர்போர்டு, வேறொன்றின் ரேம். மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. இது தற்செயல் அல்ல.

1975 ஜனவரியில் அமெரிக்காவின் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கணினி வந்தது. அதை உதிரிபாகங்களாக வாங்கி, வீட்டில் பற்றவைத்துச் செய்துகொள்ள வேண்டும். விசைப்பலகை இல்லை, திரை இல்லை. முகப்பில் சிறு சுவிட்சுகளும் விளக்குகளும் மட்டுமே. நினைவகம் 256 பைட். இந்தப் பத்தியைச் சேமிக்கக்கூட அது போதாது.

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐ.பி.எம். நிறுவனம் தன் தனிநபர் கணினியை வெளியிட்டது. விரைவாகச் சந்தைக்கு வர வேண்டும் என்பதற்காக, பாகங்களைத் தானே செய்யாமல் வெளியில் கிடைப்பவற்றை வாங்கிச் சேர்த்தது. ப்ராசசர் இன்டெலுடையது, இயங்குதளம் மைக்ரோசாஃப்ட் தந்தது. கூடுதல் அட்டைகளைச் செருகும் இடத்தின் விவரங்களையும் ஐ.பி.எம். வெளிப்படையாக அச்சிட்டுக் கொடுத்தது. அதைப் படித்து மற்ற நிறுவனங்களும் பொருந்தும் அட்டைகளைச் செய்யத் தொடங்கின. கணினியை எழுப்பும் அடிப்படை நிரலான பயோஸ் மட்டும் ஐ.பி.எம்.மின் சொத்தாக இருந்தது. காம்பேக் நிறுவனம் அதைப் பார்த்து எழுதாமல், அதே வேலையைச் செய்யும் புதிய நிரலைச் சொந்தமாக எழுதி, 1983இல் தன் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு பலரும் அந்த வழியில் வந்தார்கள்.

1995இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறையை அறிவித்தது. மதர்போர்டின் நீள அகலம், திருகாணித் துளைகளின் இடம், மின் இணைப்பின் வடிவம் எல்லாவற்றையும் அது வரையறுத்தது. இன்று நாம் வாங்கும் கேசிங்கில் மதர்போர்டு சரியாக உட்கார்வதற்கு அந்த அளவுமுறைதான் காரணம்.

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் இடம் உண்டு. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972இல் தொடங்கியது பினாங்கில்தான். சில்லுகளை உறையில் பொருத்துவதும் சோதிப்பதும் அங்கே நடக்கும் வேலை. பழைய இன்டெல் ப்ராசசர் ஏதாவது கையில் கிடைத்தால் அதன் மேல்மூடியில் உள்ள எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். மலேசியாவின் பெயர் இருக்கக்கூடும்.

யார் என்ன வேலை செய்கிறார்?

ப்ராசசர் கணக்குப் போடுகிறது. ரேம், அது கையாளும் தரவுகளை வைத்துக்கொள்ளும் மேசை. மின்சாரம் நின்றால் மேசை காலியாகிவிடும். எஸ்.எஸ்.டி. என்பது அலமாரி; மின்சாரம் இல்லாவிட்டாலும் அதில் வைத்தது அப்படியே இருக்கும். மதர்போர்டு இவற்றை இணைக்கிறது. பவர் சப்ளை, சுவரில் வரும் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றதாக மாற்றுகிறது. கூலர், ப்ராசசரின் வெப்பத்தை வெளியேற்றுகிறது. கேசிங் எல்லாவற்றையும் தாங்குகிறது. கிராபிக்ஸ் கார்டு திரைக்கான படங்களை உருவாக்குகிறது. ஆனால் அது எல்லாருக்கும் தேவையில்லை.

இதில் எஸ்.எஸ்.டி. ஏன் முக்கியம் என்று ஒரு சிறு கணக்கு காட்டும். பழைய ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு 60 ÷ 7,200, அதாவது ஏறத்தாழ 8.3 மில்லி விநாடி. தேவையான தரவு ஊசிமுனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி விநாடிக்கு மேல், காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரம் தனி. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை, சுமார் 0.1 மில்லி விநாடியில் தரவு கிடைத்துவிடும். கணினியைத் தொடங்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேட வேண்டியிருப்பதால், இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

மலிவா?

இப்போது பணக் கணக்கு. பெரிய நிறுவனங்கள் பாகங்களை இலட்சக்கணக்கில் வாங்குவதால் அவற்றுக்கு விலை குறைவு. ஆகவே பாட வேலைக்கும் இணையத்துக்கும் மட்டும் கணினி வேண்டும் என்றால், ஆயத்தக் கணினியோ அலுவலகங்கள் விற்கும் பழைய கணினியோதான் பெரும்பாலும் மலிவு. பாகங்களை வாங்கும்போது இயங்குதள உரிமத்துக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பழைய கணினி வாங்குவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான ப்ராசசர்களை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. அப்படிப்பட்ட கணினியில் இலவசமான லினக்ஸ் போட்டுப் பயன்படுத்தலாம்.

காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வடிவமைப்பு, விளையாட்டு என்று வேலை கனமாகும்போது தராசு சொந்தமாகப் பொருத்தும் பக்கம் சாயத் தொடங்கும். எதற்கு எவ்வளவு செலவிடுவது என்பதை நீங்களே தீர்மானிப்பதுதான் இதில் ஆதாயம். மலிவான ஆயத்தக் கணினிகளில் வெளியில் தெரியாத இடத்தில்தான் சிக்கனம் பிடிப்பார்கள்: தரம் குறைந்த பவர் சப்ளை, ஒரே ஒரு ரேம், பின்னால் மாற்ற முடியாத வடிவில் மதர்போர்டு.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆயத்தக் கணினிக்கு ஒரே உத்தரவாதம். கெட்டால் அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். சொந்தமாகப் பொருத்தினால் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி உத்தரவாதம், தனித்தனி ரசீது. எந்தப் பாகம் கெட்டது என்று கண்டுபிடிப்பது உங்கள் பொறுப்பு. பள்ளிக்கும் டியூஷனுக்கும் தூக்கிச் செல்ல வேண்டும் என்றால் மடிக்கணினியே சரி.

பொருத்தம் பார்ப்பது

கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதுபோல இங்கேயும் பார்க்க வேண்டும். கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், பணம் கட்டுவதற்கு முன் ஐந்து பொருத்தங்களைத் தாளில் எழுதிச் சரிபாருங்கள்.

முதலாவது, ப்ராசசரும் சாக்கெட்டும். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 சாக்கெட்டில் இன்டெல் ப்ராசசர் உட்காராது. ஏ.எம்.டி.யின் பழைய ஏ.எம்.4 ப்ராசசரும் உட்காராது. பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, ரேமும் மதர்போர்டும். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டுக்கும் 288 தொடுமுனைகள்தான். ஆனால் வெட்டுப் பள்ளம் வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது.

மூன்றாவது, படம் எங்கிருந்து வரும்? சில ப்ராசசர்களுக்குள் கிராபிக்ஸ் பகுதி உண்டு, சிலவற்றில் இல்லை. இன்டெல் ப்ராசசரின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அதில் இல்லை என்று பொருள். கிராபிக்ஸ் கார்டும் வாங்காமல் அதை வாங்கிவிட்டால் திரையில் ஒன்றும் வராது.

நான்காவது, அளவு. மதர்போர்டும் கூலரின் உயரமும் கிராபிக்ஸ் கார்டின் நீளமும் கேசிங்குக்குள் அடங்க வேண்டும்.

ஐந்தாவது, திறன். எல்லாப் பாகங்களின் வாட் அளவையும் கூட்டி, அதற்கு மேல் தாராளமாக இடைவெளி விட்டு பவர் சப்ளையைத் தேர்ந்தெடுங்கள்.

54 ஆம்பியர் எங்கே ஓடுகிறது?

இனி பாடநூலைத் திறப்போம். திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம். சாதாரண ப்ராசசர் ஒன்றின் திறன் 65 வாட் என்று வைத்துக்கொள்வோம். அது வேலை செய்யும் மின்னழுத்தம் சுமார் 1.2 வோல்ட்தான். அப்படியானால் மின்னோட்டம் 65 ÷ 1.2, ஏறத்தாழ 54 ஆம்பியர்!

உங்கள் வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் 2,000 வாட் மின்கெண்டி, 240 வோல்ட்டில் சுமார் 8.3 ஆம்பியர்தான் இழுக்கிறது. அதைப்போல ஆறு மடங்குக்கும் மேலான மின்னோட்டம் உங்கள் கட்டைவிரல் நகத்தை ஒத்த ஒரு சில்லுக்குள் ஓடுகிறது.

சுவரில் உள்ள செருகியின் ஃபியூஸ் 13 ஆம்பியர்தானே, இது எப்படி? மின்னோட்டம் எங்கும் 54 ஆம்பியர் அல்ல. 65 வாட்டுக்குச் சுவரில் 240 வோல்ட்டில் தேவைப்படுவது சுமார் 0.27 ஆம்பியர். பவர் சப்ளை அதை 12 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றும்போது 5.4 ஆம்பியர். ப்ராசசருக்குப் பக்கத்திலேயே மதர்போர்டில் உள்ள சிறு மாற்றிகள் அதை 1.2 வோல்ட்டுக்கு இறக்கும்போதுதான் 54 ஆம்பியர் ஆகிறது. மாற்றத்தில் ஏற்படும் இழப்பை இங்கே விட்டுவிட்டோம்.

மின்னோட்டம் கூடினால் கம்பி சூடாகும். ஆகவே பெரிய மின்னோட்டம் மிகக் குறைந்த தூரம் மட்டுமே பயணிக்குமாறு மாற்றிகளைச் சாக்கெட்டை ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஏ.எம்.5 சாக்கெட்டில் 1,718 தொடுமுனைகள் உள்ளன. அவற்றில் பெரும் பங்கு தரவுக்காக அல்ல; மின்னோட்டத்தைப் பங்கிட்டுக் கொள்வதற்காக. வெளியூருக்கு மின்சாரத்தை உயர் அழுத்தத்தில் அனுப்பி, ஊருக்குப் பக்கத்தில் இறக்குகிறார்களே, அதே தத்துவம்தான் பெட்டிக்குள்ளும்.

பவர் சப்ளையை மட்டும் பிரிக்கவே கூடாது. அதனுள் இருக்கும் மின்தேக்கிகள் 300 வோல்ட்டுக்கும் மேல் மின்னூட்டத்தைத் தேக்கி வைப்பவை. செருகியைக் கழற்றிய பிறகும் அது சிறிது நேரம் தங்கியிருக்கும். உயிருக்கே ஆபத்து. பழுதானால் முழுதாக மாற்றுங்கள். பாகங்களில் விலை பார்க்காமல் நல்லதாக வாங்க வேண்டிய ஒன்றும் இதுதான். மின்கம்பியில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று ஊசிச் செருகியின் புவி இணைப்பைத் தவிர்க்கும் குறுக்கு வழிகள் வேண்டாம். இடி மின்னல் நேரத்தில் செருகியைக் கழற்றிவிடுங்கள்.

அடுப்பை விடச் சூடான சில்லு

அந்த 65 வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. சில்லின் பரப்பு 1.5 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 43 வாட். 18 சென்டிமீட்டர் விட்டமும் 1,500 வாட் திறனும் கொண்ட மின் அடுப்பில் இது 6 வாட் அளவுதான். ஆகவே கூலர் இல்லாமல் ப்ராசசரை ஓட்ட முடியாது. நல்ல வேளையாக இன்றைய ப்ராசசர்கள் வெப்பம் எல்லை மீறினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் தாமாகவே நின்றுவிடும்.

ப்ராசசரின் மூடியும் கூலரின் அடிப்பாகமும் பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும், நுணுகிப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். இரண்டையும் ஒட்டி வைத்தால் பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்ளும். காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். செம்பின் கடத்துதிறன் சுமார் 400 என்றால் காற்றினுடையது 0.026தான். அந்தக் காற்றைத் துரத்தத்தான் வெப்பப் பசை. அதன் கடத்துதிறன் பெரும்பாலும் 10க்கும் கீழே. காற்றை விடப் பல மடங்கு மேல். செம்போடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆகவே பசையை அள்ளிப் பூசினால் வெப்பம் வெளியேறுவது குறையும். பட்டாணி அளவு போதும். கூலரின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும்.

கூலரில் வளைந்து மேலே செல்லும் செம்புக் குழாய்களுக்குள் சிறிதளவு நீர் குறைந்த அழுத்தத்தில் இருக்கும். சூடான முனையில் அது ஆவியாகும். குளிர்ந்த முனையில் மீண்டும் நீராகும். ஆவியாகும்போது எடுத்துக்கொண்ட உள்ளுறை வெப்பத்தை அங்கே விட்டுவிட்டு, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைகள் வழியாகத் திரும்பி வரும். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல.

இங்கே நம் தட்பவெப்பத்தையும் நினைவில் கொள்ளுங்கள். கூலர் ப்ராசசரை அறையின் வெப்பநிலையைவிடக் குளிராக்க முடியாது. அறை 20 பாகையாக இருக்கும் நாட்டில் எடுத்த காணொளியில் ப்ராசசர் 65 பாகை காட்டினால், 32 பாகை உள்ள நம் அறையில் அதே கூலரோடு 77 பாகையை எதிர்பார்க்க வேண்டும். முன்பக்கம் காற்று உள்ளே வரவும் பின்பக்கம் வெளியே போகவும் விசிறிகளை வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள்.

பொருத்தும் நாள்

மர மேசை, நல்ல வெளிச்சம், பக்கத்தில் பெரியவர் ஒருவர். நாம் உணரும் நிலைமின் அதிர்ச்சி ஏறத்தாழ 3,000 வோல்ட்டில்தான் தொடங்குகிறது. சில்லுகளுக்கு அதைவிட மிகக் குறைந்த அளவே கேடு செய்யும். நமக்குத் தெரியாமலேயே பாகம் கெட்டுப்போகலாம். நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் ஆபத்து குறைவு. குளிர்சாதன அறையில் காற்று உலர்வதால் கவனம் தேவை. கம்பளத்தின்மேல் நின்று வேலை செய்யாதீர்கள். பாகத்தைத் தொடுமுன் கேசிங்கின் வெறும் உலோகப் பகுதியைத் தொடுங்கள்.

மதர்போர்டை வெளியே வைத்தே ப்ராசசர், ரேம், எஸ்.எஸ்.டி., கூலர் நான்கையும் பொருத்துங்கள். ப்ராசசரின் மூலையில் உள்ள சிறு முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து, அழுத்தாமல் தானாக உட்கார விடுங்கள். ரேமை மட்டும் 'டிக்' என்று ஒலி கேட்கும்வரை அழுத்த வேண்டும். நான்கு இடங்களில் இரண்டு ரேம் செருகுவதானால் பெரும்பாலான மதர்போர்டுகளில் ப்ராசசரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும். கையேட்டில் பார்த்து உறுதி செய்யுங்கள். இரண்டும் தனித்தனிப் பாதையில் ஓடி வேகம் கூடும். பிறகு மதர்போர்டைக் கேசிங்கில் திருகி, மின்கம்பிகளைச் செருகுங்கள்.

விசையை அழுத்தியும் திரை கறுப்பாகவே இருந்தால் கலங்காதீர்கள். எங்கள் பள்ளிக் கணினிக் கழகத்தில் இது அடிக்கடி நடப்பதுதான். ஒரு குழு எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிடும். என்ன தவறு என்று கடைசிவரை தெரியாது. இன்னொரு குழு ஒவ்வொன்றாகச் சோதிக்கும். ப்ராசசருக்கான 8 ஊசி மின்கம்பி செருகியிருக்கிறதா? திரைக் கம்பி கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறதா, தவறி மதர்போர்டில் இருக்கிறதா? ஒரு ரேமை எடுத்துவிட்டால் ஓடுகிறதா? ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், மற்றவை மாறிலி. ஆய்வுக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த அதே முறை. பத்து நிமிடத்தில் காரணம் கிடைத்துவிடும்.

எழுந்ததும் பயோஸ் பக்கத்தில் ரேமின் வேகத்தைப் பாருங்கள். பெட்டியில் எழுதிய வேகத்தைவிடக் குறைவாக இருக்கலாம். இன்டெல் பக்கம் எக்ஸ்.எம்.பி., ஏ.எம்.டி. பக்கம் எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கினால்தான் பணம் கொடுத்த வேகம் கிடைக்கும்.

புதிதாக வாங்க இப்போது வசதி இல்லையா? வீட்டில் ஓரமாகக் கிடக்கும் பழைய கணினி இன்னும் நல்ல பள்ளிக்கூடம். அனுமதி கேட்டு, செருகியைக் கழற்றி, பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து, எந்தப் பாகம் எது என்று படம் வரைந்து பெயர் எழுதுங்கள். தூசி தட்டுங்கள். ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்.எஸ்.டி. போட்டாலே பல பழைய கணினிகள் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். முதல் பாகத்தைக் கழற்றி மீண்டும் சரியாகப் பூட்டிய அன்றே கணினி உங்களுக்கு மூடிய பெட்டியாக இருக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

1. 12 வோல்ட்டில் இயங்கும் கிராபிக்ஸ் கார்டின் திறன் 120 வாட். மின்னோட்டம் எவ்வளவு?

2. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க், ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் என்ன?

3. பாகங்களுக்கு 200 வாட் தேவை. பவர் சப்ளையின் செயல்திறன் 80 விழுக்காடு. சுவரிலிருந்து எத்தனை வாட் இழுக்கும்? வெப்பமாக வீணாவது எவ்வளவு?

விடைகள்: 1) 10 ஆம்பியர். 2) ஏறத்தாழ 11.1 மில்லி விநாடி. 3) 250 வாட், 50 வாட்.